ஆரஞ்சு என்ற ஒரே சொல்லை வைத்து: சொற்பிறப்பு அகராதித் தளங்கள் எப்படி?

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூறு பக்கம் வந்து விழும். பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. மூலம் என்று நம்பி இறங்கத்தக்க தளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றிலும் எல்லாம் எல்லா வேலைக்கும் ஆகாது. ஐரோப்பிய மொழிச் சொற்களுக்கு எதை எதற்குப் பயன்படுத்தலாம், எது எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை வைப்பதே நல்லது. சோதனைச் சொல் ஆரஞ்சு.

இந்தச் சொல் சோதனைக்கு வசதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழம் ஒன்றுதான் என்றாலும் ஐரோப்பாவுக்குள் அது இரண்டு தடவை நுழைந்தது. முதலில் வந்தது புளிப்பும் கசப்புமான வகை. அரபு ஆட்சியில் இருந்த சிசிலி, ஸ்பெயின் வழியாக, ஏறத்தாழ 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. அதோடு வந்த பெயர் சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபு ‘நாரஞ்ச்’ என்ற வரிசையைச் சேர்ந்தது. ஸ்பானியத்தின் ‘நரான்ஹா’, போர்ச்சுகீசியத்தின் ‘லரான்ஜா’, ஹங்கேரியனின் ‘நரான்ச்’, இத்தாலியனின் ‘அரான்ச்சா’, பிரெஞ்சு, ஆங்கில ‘ஆரஞ்சு’ எல்லாம் இந்தக் கிளை.

இனிப்பு வகை 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் கப்பல்களில் பரவியது. அப்போது புதுப் பெயர்கள் முளைத்தன. கொண்டுவந்தவர் பெயரால் அழைத்தவர்கள் ஒரு பக்கம்: கிரேக்கத்தில் ‘பொர்தோகாலி’, ருமேனியத்தில் ‘பொர்தொகாலெ’, பல்கேரியனில் ‘பொர்தொகால்’. துருக்கி, அரபு, பாரசீகம் வரைக்கும் போர்ச்சுகல் பெயர்தான். விளைந்த ஊர் பெயரால் அழைத்தவர்கள் இன்னொரு பக்கம்: டச்சில் ‘சினாஸ்ஆப்பெல்’, வட ஜெர்மனியில் ‘அப்ஃபெல்சீனெ’, சுவீடியம், டேனிஷ், ரஷ்யன், லித்துவேனியன் எல்லாவற்றிலும் ‘அபெல்சின்’ போன்ற வடிவங்கள். சீன ஆப்பிள் என்பதுதான் பொருள்.

இத்தோடு முடியவில்லை. இத்தாலிய ‘பொமோ’, அதாவது ஆப்பிள் அல்லது பழம், ‘அரான்ச்சா’வோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மனில் ‘பொமெரான்ட்ஸெ’ ஆயிற்று. ஜெர்மனில் அது இன்று கசப்பு ஆரஞ்சை மட்டும் குறிக்கும். ரஷ்ய ‘பொமெரானெட்ஸ்’ என்பதும் கசப்பு வகைதான். ஆனால் போலந்து மொழியின் ‘பொமரான்ச்சா’, செக் மொழியின் ‘பொமெரான்ச்’ இரண்டும் கடையில் வாங்கும் இனிப்பு ஆரஞ்சு. சொல் ஒன்று, பழம் வேறு. ஓர் அகராதித் தளம் இந்தக் கிளைகளை எல்லாம் பிரித்துக் காட்டுகிறதா, கசப்பையும் இனிப்பையும் குழப்பாமல் இருக்கிறதா, ஆண்டு சொல்கிறதா, ஐயம் இருக்கும் இடத்தில் ஐயம் என்று ஒத்துக்கொள்கிறதா என்பவைதாம் இங்கே அளவுகோல்.

முதலில் எட்டிம்ஆன்லைன் என்ற ஆங்கிலச் சொற்பிறப்புத் தளம். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்க வரலாற்று ஆர்வலர் 2000-களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்தது. இலவசம், வேகம், கைப்பேசியில் நன்றாகத் திறக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு முதல் படி இதுதான் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆரஞ்சுக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து இத்தாலியன், அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் வரை சங்கிலியை ஒரே பத்தியில் கொடுத்துவிடுகிறது. நிறத்துக்கு ஆரஞ்சு என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, பழம்தான் முன்னால் என்பதும் அங்கேயே கிடைக்கும். அதற்கு முன் அந்த நிறத்தைப் பழைய ஆங்கிலத்தில் ‘மஞ்சள்சிவப்பு’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் சொன்னார்கள்.

இதைப் படிக்கும்போது மூன்று இடத்தில் சறுக்கலாம். ஒன்று, ஆண்டு. ‘14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி’ என்றோ ‘1510-கள்’ என்றோ போட்டிருந்தால் அது சொல் பிறந்த தேதி அல்ல. இதுவரை கண்ணில் பட்ட எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது அவ்வளவே. பேச்சில் அதற்கு ஒரு தலைமுறை முன்பே இருந்திருக்கலாம். இரண்டாவது, அடைப்புக்குறி. ‘இதிலிருந்தே இன்னின்ன மொழிச் சொற்களும்’ என்று அடைப்புக்குறிக்குள் நீளமாக ஒரு பட்டியல் வரும். அவை உடன்பிறப்புகள், பெற்றோர் அல்ல. லத்தீன், லித்துவேனியன், கிரேக்கம் என்று அடுக்கியிருப்பதை ஒன்றிலிருந்து ஒன்று வந்த படிகள் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, உடுக்குறி (*). சொல்லுக்கு முன் உடுக்குறி இருந்தால் அப்படியொரு சொல்லை எங்கும் யாரும் எழுதிவைக்கவில்லை, பின்வந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய வடிவம் என்று அர்த்தம்.

தளத்தின் எல்லை வெளிப்படை. அது ஆங்கில அகராதி. டச்சுக்காரர் ஏன் சீன ஆப்பிள் என்கிறார், போலந்துக்காரர் ஏன் பொமரான்ச்சா என்கிறார் என்று கேட்டால் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றையும் பற்றி எழுத இறங்குகிறவர் இங்கேயே நின்றுவிட்டால் பாதிக் கதைகூடத் தேறாது.

ஒரு நல்ல பயன் மட்டும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘எ நாரஞ்ச்’ என்பதை மக்கள் ‘ஆன் ஆரஞ்ச்’ என்று பிரித்துக் கேட்டதால்தான் நகரம் (‘ந’ என்ற எழுத்தொலி) விழுந்தது என்று இணையம் முழுக்க ஒரு கதை உலவுகிறது. ஆண்டுகளை வைத்துப் பார்த்தாலே இது விழுந்துவிடும். நகரம் இல்லாத வடிவம் ஆங்கிலத்துக்கு முன்பே பிரெஞ்சில் இருக்கிறது. ஆங்கிலம் வாங்கும்போதே நகரம் இல்லாமல்தான் வாங்கியது. நகரம் கழன்றது இத்தாலியனிலும் பிரெஞ்சிலும், அங்கே ‘ஒரு’ என்று பொருள்படும் ‘உன்’, ‘உனா’, ‘உய்ன்’ போன்ற முன்னடைகளின் கடைசி ஒலியோடு ஒட்டி. முதலெழுத்து ஒகரமாக மாறியதற்குப் பொன் என்று பொருள்படும் பிரெஞ்சு ‘ஓர்’ என்ற சொல்லின் சாயல் காரணமாக இருக்கலாம் என்பார்கள். ஆங்கிலத்திலேயே அப்படி நகரம் கழன்ற சொற்கள் உண்மையில் இல்லாமல் இல்லை. ஏப்ரன் முன்பு நேப்ரன், அம்பயர் முன்பு நம்பயர் போன்ற ஒரு வடிவம். அந்தப் பட்டியலில் ஆரஞ்சை யாரோ சேர்த்துவிட்டார்கள், அது நிலைத்துவிட்டது.

அடுத்து ஆங்கில விக்சனரி. 2002 டிசம்பரில் தொடங்கியது, தன்னார்வலர்கள் எழுதுவது. அகலத்தில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை. ஆரஞ்சுப் பக்கத்தைத் திறந்து நேராக மொழிபெயர்ப்புப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே மரம், பழம், நிறம் என்று பொருள் வாரியாகத் தனித்தனி அட்டவணை. பழ அட்டவணையில் டச்சுக்கு ‘சினாஸ்ஆப்பெல்’, நிற அட்டவணையில் ‘ஓரான்யெ’. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் நிறத்துக்கான சொல்லைப் பழத்துக்குப் போட்டு வரைந்த ஐரோப்பிய வரைபடங்கள் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன.

அந்த வரைபடங்களைப் பற்றி இன்னொன்று. நாட்டுக்கு ஒரு நிறம் என்று தீட்டும்போது வட்டார வழக்கு காணாமல் போகும். இத்தாலி முழுக்க அரான்ச்சா என்று ஒரே நிறம் அடித்திருப்பார்கள். ஆனால் நேப்பிள்ஸ், சிசிலி வழக்குகளில் போர்ச்சுகல் கிளைச் சொல்தான் இருக்கிறது. ஜெர்மனியையும் ஒரே நிறமாக அடிக்க முடியாது. வடக்கில் அப்ஃபெல்சீனெ, தெற்கில் ஓரான்ஷெ என்பது பழைய பிரிவினை. படம் அழகு. ஆதாரமாக எடுக்க ஆகாது.

விக்சனரிக்குத் திரும்பினால், அங்கே பார்க்க வேண்டியது ‘வழித்தோன்றல்கள்’ என்ற பகுதி. அம்புக்குறி போட்டிருந்தால் கடன் வாங்கிய சொல், அம்புக்குறி இல்லாவிட்டால் தாய்மொழியிலிருந்து வழிவழியாக வந்த சொல். சொற்பிறப்புப் பத்தியில் ‘கடன்’, ‘மரபுவழி’, ‘படியெடுப்பு’ (சொல்லின் பகுதிகளை அப்படியே மொழிபெயர்த்தது) என்று வெவ்வேறு சொற்களைப் போடுவதும் வேண்டுமென்றேதான், அலங்காரத்துக்கு அல்ல. குறை என்ன என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொருவர் எழுதுவதால் தாய்ப் பக்கத்தின் வழித்தோன்றல் மரம் ஒன்று சொல்லும், சேய்ப் பக்கத்தின் சொற்பிறப்புப் பத்தி வேறொன்று சொல்லும். இரண்டையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்தாளக் கூடாது. அடிக்குறிப்பில் அச்சு அகராதி ஏதாவது காட்டியிருந்தால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு அந்தந்த மொழியின் சொந்த அகராதிக்குப் போக வேண்டும்.

அந்தச் சொந்த அகராதிகளில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. மொழி தெரியாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சொற்பிறப்புப் பத்தி என்பது நாற்பது, ஐம்பது சொல்லுக்குள் அடங்கும் சுருக்கெழுத்து. மொழிபெயர்ப்புக் கருவியில் ஒட்டினால் பெருமளவு புரிந்துவிடும். ஒரே நிபந்தனை, சுருக்கக் குறிகளை முதலில் விரித்து எழுதிக்கொள்ள வேண்டும். கருவிகள் தடுமாறுவது அங்கேதான்.

பிரெஞ்சுக்குச் சிஎன்ஆர்டிஎல் என்ற அரசு ஆய்வு நிறுவனத் தளம். உள்ளே இருப்பது ‘பிரெஞ்சு மொழிக் கருவூலம்’, 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்தது. சொல்லைத் தட்டியதும் மேலே வரிசையாகத் தாவல்கள் தெரியும். சொற்பிறப்புத் தாவலை அழுத்தினால் பொருள் விளக்கமெல்லாம் விலகி வரலாறு மட்டும் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆண்டு, எந்த நூலில், யார் பதிப்பில் என்ற விவரம். பழைய பிரெஞ்சில் ‘ஆரஞ்சு ஆப்பிள்’ என்ற கூட்டாகவே சொல் முதலில் வருவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். போலந்து பொமரான்ச்சாவில் ஒட்டிக்கொண்ட ‘பொம்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்தக் கூட்டு ஒரு நல்ல துணைச்சான்று. ஒரு எச்சரிக்கை: இந்த அகராதி 19, 20-ஆம் நூற்றாண்டுச் சொல்வளத்துக்காகக் கட்டப்பட்டது. அண்மைக்காலச் சொற்களைத் தேடினால் வெறுங்கைதான். திரையமைப்பும் பழைய காலத்தது, கைப்பேசியில் கண் வலிக்கும்.

ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ். பெர்லின் பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்துவது, இலவசம். வொல்ஃப்காங் ஃபைஃபர் தொகுத்து 1989-இல் வெளிவந்த சொற்பிறப்பு அகராதி, பின்னர் அவர் திருத்திய வடிவில் இதற்குள் இருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் சொற்பிறப்புப் பகுதி வரும். அப்ஃபெல்சீனெ, ஓரான்ஷெ, பொமெரான்ட்ஸெ மூன்றையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் ஜெர்மனுக்குள் வந்தவை. பொமெரான்ட்ஸெ இடைக்கால இறுதியில் இத்தாலியத் தொடர்பு வழியாக. அப்ஃபெல்சீனெ 1700-ஐ ஒட்டி டச்சு, வட ஜெர்மன் துறைமுகங்கள் வழியாக. இந்தத் தளத்தில் இருக்கும் ஒரு நல்ல வசதி, 1600 முதல் ஒரு சொல் அச்சில் எவ்வளவு வழங்கியது என்பதைக் காட்டும் வரைகோடு. பொமெரான்ட்ஸெயையும் அப்ஃபெல்சீனெயையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் கசப்பு வகையின் இடத்தை இனிப்பு வகை பிடித்த விதத்தைப் பற்றி ஒரு தோராயம் கிடைக்கும். முதல் நூற்றாண்டுகளுக்கு நூல்கள் குறைவு என்பதால் அந்தப் பகுதியில் கோடு ஏறி இறங்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் மேலானது எது என்று கேட்டால் டச்சுக்காரர்களின் ‘எடிமொலொகிபாங்க்’ என்று தயங்காமல் சொல்லலாம். நிக்கோலின் ஃபான் டெர் சைஸ் என்ற மொழியியலாளர் 2010-இல் அமைத்த தளம். இது புதிதாக எழுதிய அகராதி அல்ல. டச்சுக்கு இதுவரை வந்த சொற்பிறப்பு நூல்கள் பலவற்றையும் பிரித்து, ஒரு சொல்லுக்கு எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கிறார்கள். சினாஸ்ஆப்பெல் என்று தட்டினால் முன்னைய ‘அப்பெல்சீனா’ வடிவம், ‘சினா’ என்பது சீனாவின் பழைய உச்சரிப்பு, வடக்கு மொழிகளுக்குப் போனது எந்த வடிவம் என்று வரிசையாக வந்துவிடும். ரஷ்ய அபெல்சினும் ஃபின்னிஷ் ‘அப்பெல்சீனி’யும் டச்சு, வட ஜெர்மன் கப்பல் வணிகத்தின் மிச்சங்கள் என்பது இங்கேதான் தெளிவாகும். படிக்கும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எந்த நூல், எந்த ஆண்டு என்று இருக்கும். 2003 முதல் 2009 வரை நான்கு தொகுதிகளாக வந்த புதிய அகராதியும் 1912-ஆம் ஆண்டு நூலும் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து நிற்கும். ஆண்டைப் பார்க்காமல் கீழே இருக்கும் பழைய கருத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நூறாண்டுக்கு முன் கைவிட்ட விளக்கத்தை இன்றைய முடிவாக எழுதிவிடுவோம். மற்ற மொழிகளும் இப்படி ஒரு தளம் கட்டினால் பாதி வாதங்கள் எழாது.

ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இதற்கு நேர் எதிர். நரான்ஹாவுக்கு அந்தலூசிய அரபு, அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று ஒரே வரி. ஆண்டு கிடையாது, சான்று கிடையாது, மாற்றுக் கருத்தும் கிடையாது. சங்கிலியைச் சரிபார்க்க மட்டும் பயன்படும். அதே கழகம் தன் தளத்தில் வைத்திருக்கும் பழைய அகராதிகளின் படத்தொகுப்பும் வரலாற்று உரைத்தொகுப்பும் எவ்வளவோ மேல். ரஷ்யனுக்கு மாக்ஸ் ஃபாஸ்மரின் அகராதி. 1950-களில் ஜெர்மனில் வந்தது, பின்னர் ரஷ்யனில் விரிவாக்கி மொழிபெயர்த்தார்கள். இணையத்தில் கிடைப்பது அந்த ரஷ்யப் பதிப்பு. பழையதானாலும் கை கொடுக்கிறது.

கடன் சொல்லை வைத்துச் செய்யும் சோதனை மட்டும் போதாது. கடன் சொல்லில் பாதை தெரியும், எல்லா அகராதியும் ஓரளவு ஒத்துப்போகும். அகராதியின் நேர்மை தெரிவது வண்ணத்துப்பூச்சி போன்ற சொல்லில்தான். ஐரோப்பாவில் அண்டை மொழிகள்கூட இதற்கு ஒரே சொல் வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு ‘பப்பியோன்’ லத்தீன் ‘பாபிலியோ’விலிருந்து வந்தது தெளிவு. அதே லத்தீன் சொல் கூடாரத்துக்கும் ஆகி, கிரிக்கெட் மைதானத்தின் பெவிலியன் வரை வந்திருக்கிறது. ஜெர்மன் ‘ஷ்மெட்டர்லிங்’, பாலேடு என்று பொருள்படும் ‘ஷ்மெட்டென்’ என்ற கிழக்கு வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது. அது செக் மொழியின் ‘ஸ்மெட்டானா’. சூனியக்காரிகள் பூச்சி உருவில் வந்து பாலேட்டைத் திருடுவதாக ஒரு நம்பிக்கை இருந்தது. ரஷ்ய ‘பாபச்கா’ பாட்டி என்ற சொல்லின் சிறுமை வடிவம். டேனிஷ் ‘சொம்மர்ஃபூல்’ கோடைப் பறவை. ஸ்பானிய ‘மரிபோசா’ மரியா என்ற பெயரும் ‘உட்கார்’ என்ற ஏவலும் சேர்ந்தது.

இத்தாலிய ‘ஃபர்ஃபல்லா’வுக்கும் போர்ச்சுகீசிய ‘போர்போலெத்தா’வுக்கும் வரும்போதுதான் தளங்களின் தரம் பிரியும். இரண்டுக்கும் உறுதியான விடை இல்லை. ஊகங்கள் உண்டு. ‘தோற்றம் ஐயத்துக்குரியது’ என்று முதல் சொல்லிலேயே போடும் தளத்தை நம்பலாம். ஒரே ஊகத்தை விடையாக எழுதிவிட்டு நகரும் தளத்தை அடுத்த சொல்லிலும் சந்தேகிக்க வேண்டும். ஆங்கில ‘பட்டர்ஃப்ளை’யே அப்படித்தான். பழைய ஆங்கிலத்திலேயே வெண்ணெய், ஈ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்கின்றன. ஏன் வெண்ணெய் என்பதற்குச் சிறகின் நிறம், பால் திருடும் நம்பிக்கை, பழைய டச்சுச் சொல் ஒன்றைச் சாட்சியாக வைத்து அதன் எச்சத்தின் நிறம் என்று மூன்று விளக்கம் உண்டு. எதுவும் முடிவானது அல்ல. ‘ஃப்ளட்டர்பை’ என்பது புரண்டு பட்டர்ஃப்ளை ஆனது என்று எழுதியிருக்கும் பக்கத்தை அந்த நொடியே மூடிவிடலாம்.

மீண்டும் ஆரஞ்சு. ஐரோப்பிய அகராதிகள் எல்லாம் சமஸ்கிருத ‘நாரங்க’வில் போய் நின்றுவிடும், சில ‘திராவிடமாக இருக்கலாம்’ என்று ஒரு தொடர் சேர்க்கும். தமிழ் வாசகருக்கு நாரத்தை, மலையாளத்து நாரங்ங இரண்டும் உடனே ஞாபகம் வரும். அதற்கு மேல் தேட பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இரண்டாம் பதிப்பு 1984, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் அங்கேயே. தமிழ் எழுத்தில் தேடி விடை வராவிட்டால் ரோமன் எழுத்தில், நெடில் குறிகளை விட்டுவிட்டுத் தேடினால் பலன் கிடைக்கும். இங்கே ஒரு ஆசை தலைதூக்கும்: ‘திராவிடமாக இருக்கலாம்’ என்பதைத் ‘தமிழ்ச் சொல்’ என்று மாற்றி எழுதிவிடும் ஆசை. திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடம் வேறு, தமிழ் வேறு. ‘இருக்கலாம்’ வேறு, ‘ஆகும்’ வேறு. அகராதி எந்த அளவுக்கு உறுதி சொல்கிறதோ அந்த அளவோடு நிற்பதே மரியாதை.

ஊர்ப் பெயர் ஒன்றும் குறுக்கே வரும். தென் பிரான்சில் ஓரான்ஷ் என்று ஒரு நகரம், ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரௌசியோ. பழத்துக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை, ஒலி மட்டும் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டது. அந்த ஊரின் சிற்றரசுப் பட்டம் 1544-இல், பின்னாளில் டச்சு விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய வில்லியமுக்கு வந்து, நெதர்லாந்து அரச குடும்பப் பெயராகி, அதன் பிறகுதான் நிறம் அவர்கள் அடையாளமாயிற்று. பல தளங்களின் தேடல் பெட்டி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பார்க்காது என்பதால் இரண்டு பதிவும் கலந்து வரலாம். தலைப்பைப் பார்த்துவிட்டு எடுக்கவும்.

கடைசியாகக் காசு கொடுக்கும் கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி சந்தா கட்டினால்தான் முழுதாகத் திறக்கும். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பை 2000 முதல் இணையத்தில் சொல் சொல்லாகத் திருத்தி வருகிறார்கள். எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். திருத்தப்படாத பதிவின் சொற்பிறப்பு நூறாண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடும். திருத்திய பதிவென்றால் ஆண்டு வாரியான மேற்கோள்களும் பழைய எழுத்து வடிவங்களின் பட்டியலும் வேறெங்கும் கிடைக்காதவை. ஆங்கிலச் சொல்லின் வடிவ வரலாற்றை எழுதுகிறவருக்கு அது தேவை. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட மட்டும் வேண்டுமென்றால் மேலே சொன்ன இலவசத் தளங்களே போதும். நூலகச் சந்தா வழியாக இந்த அகராதியைத் திறக்கவிடும் பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் உண்டு, பணம் கட்டும் முன் உறுப்பினர் அட்டையை அங்கே ஒருமுறை முயன்று பார்க்கலாம்.